இடைவழியில் இல்லம்

பிறர் நலனுக்காக நெடுந்தொலைவு நடக்கப் புறப்பட்ட ஒருவர், பாதி வழியில் சில நாள்கள் தம் இல்லத்திற்குத் திரும்பி ஓய்வெடுக்கலாமா? நோயாளிகளுக்காகவும் ஏழை மாணவருக்காகவும் நிதி திரட்டி ஊர் ஊராக நடந்து செல்வது இன்று பல நாடுகளில் காணப்படும் அறப்பணி. நடப்பவரை நம்பி நன்கொடை தர வாக்களித்தோர் பலர் இருப்பர். அவர் கால் புண்ணாகி வீடு திரும்பினால், "அவ்வளவுதானா? முடிந்துவிட்டதா?" என்று தெருவில் உள்ளோர் கேட்பர். அக்கேள்விக்கு அஞ்சி, வீங்கிய காலோடு நடப்போர் உண்டு. வீடு வந்தபின் வெட்கத்தால் மீண்டும் புறப்படாமலே இருந்துவிடுவோரும் உண்டு. இவ்விரண்டும் தேவையற்றவை என்பதை இருவருடைய வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

மழைக்காலத்தில் பவுனார்

1951-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆச்சாரிய வினோபா பாவே, வார்தாவுக்கு அருகிலுள்ள பவுனார் ஆசிரமத்திலிருந்து ஐதராபாத்தை அடுத்த சிவராம்பள்ளிக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். அங்கு நடந்த சர்வோதய மாநாடு முடிந்ததும், நிலப் பூசலால் இரத்தம் சிந்திக்கொண்டிருந்த தெலுங்கானா சிற்றூர்களுக்குள் நடந்தார். ஏப்ரல் 18-ஆம் நாள் போச்சம்பள்ளியில், தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கள் 40 குடும்பங்களும் பிழைக்க 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்று அவரிடம் முறையிட்டனர். "இவர்களுக்கு உதவுவார் யாரேனும் உண்டோ?" என்னும் கருத்துப்பட அவர் கூடியிருந்தோரிடம் கேட்டார். இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். பூதான இயக்கம் பிறந்தது அன்றுதான். 51 நாள்களில் 12,000 ஏக்கருக்கு மேல் தானமாகக் கிடைத்தது.

மக்கள் உள்ளம் இளகியிருந்த அவ்வேளையில் அவர் இடைவிடாது நடந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றலாம். அவரோ ஜூன் மாத இறுதியில் பவுனார் திரும்பினார். அந்த ஆசிரமமே அவருக்கு இல்லம். மழைக்காலம் முழுவதும் அங்கே தங்கினார். பணத்தை நம்பாமல் தம் கைகளின் உழைப்பால் வாழும் சோதனை அங்கு நடந்துகொண்டிருந்தது. அதிலே மீண்டும் ஈடுபட்டார். அந்த நாள்களில்தான் ஐந்தாண்டுத் திட்டம் பற்றிக் கலந்து பேச வருமாறு தில்லியிலிருந்து பிரதமர் நேருவின் அழைப்பு வந்தது. வருவதாக இசைந்தார், ஆனால் நடந்தே வருவதாகத் தெரிவித்தார். செப்டம்பர் 11-இல் அவருக்கு 56 வயது நிறைந்தது. மறுநாளே புறப்பட்டுவிட்டார்!

இரண்டரை மாத ஓய்வு அவருடைய பணியைக் குலைக்கவில்லை. இரண்டு மாதங்கள் நடந்து தில்லியை அடைந்தார். அதன்பின் மாநிலம் மாநிலமாக நடந்தார். 1956-57-இல் தமிழகச் சிற்றூர்களிலும் அவர் கால்கள் பதிந்தன. பவுனாரை அவர் மீண்டும் கண்டது 1964 ஏப்ரலில்தான்.

இடையே உடலும் தன் உரிமையைக் கேட்டது. 1952 டிசம்பரில் பீகாரின் சாண்டில் என்ற ஊரில் கடும் மலேரியாக் காய்ச்சலால் படுத்தார். முதலில் மருந்தை மறுத்தவர், அன்பர்கள் மன்றாடவே ஏற்றுக்கொண்டார். அங்கேயே தங்கி உடல் தேறியபின் 1953-இல் நடையைத் தொடர்ந்தார்.

ஓய்வை மறுத்த இளைஞர்

கனடா நாட்டின் டெரி பாக்ஸ் புற்றுநோயால் 1977-இல் வலக்காலை இழந்தவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் வேண்டுமென்று, 1980 ஏப்ரல் 12-ஆம் நாள் செயற்கைக் காலோடு நாட்டின் கீழ்க்கோடியிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர்! முழங்கால் வீங்கியது; வெட்டுண்ட கால் புண்ணாயிற்று. தம் 22-ஆம் பிறந்த நாளன்றும் அவர் ஓய்வை ஏற்கவில்லை. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், செப்டம்பர் 1-ஆம் நாள் தண்டர் பே நகரருகே நின்றுவிட்டார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அவரைச் சொந்த மாநிலத்திற்குக் கொண்டு சென்றனர். எஞ்சிய தூரத்தைத் தாங்கள் ஓடி முடிப்பதாகச் சிலர் முன்வந்தபோது, தாமே முடிக்க விரும்புவதாகக் கூறினார். அது கைகூடவில்லை. 1981 ஜூன் 28-ஆம் நாள் உயிர் நீத்தார்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஓட்டத்தை நிறுத்தியபோது திரண்டிருந்த தொகை 17 லட்சம் டாலர். அவர் ஊர் திரும்பி மருத்துவம் பெற்றுவந்த மாதங்களில் அது 2 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற அவருடைய கனவு நனவாயிற்று. நின்றுவிட்டவரைக் கைவிடுவர் என்று நாம் அஞ்சுகிறோமே, அந்த மக்கள் கைவிட்டார்களா? கொடுப்போர் கண்டது அவருடைய உள்ளத்தை, மைல்கற்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஓய்விலும் கடமை உண்டு

ஆகவே இடையில் வீடு திரும்புவோர் வெட்கப்பட வேண்டியதில்லை. கால் எலும்பில் உண்டாகும் நுண்ணிய வெடிப்பு தொடர்ந்து நடந்தால் பெரிதாகும். ஓய்வே அதற்கு முதல் மருந்து. ஆனால் ஓய்வு நாள்களுக்கும் ஒழுங்கு வேண்டும். நன்கொடை அளித்தோருக்கு நிகழ்ந்ததை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். பெற்றதையும் கொடுத்ததையும் கணக்கெழுதி ஒப்படைக்க வேண்டும். பூதானத்தில் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் வாக்களிக்கப்பட்டும், கணிசமான பகுதி உழவுக்கு உதவாததாகவோ ஏழையின் கைக்குச் சேராததாகவோ போயிற்று. நடையின் வேகத்தில் விட்டுப்போனவற்றைச் சரிபார்க்க வீட்டுத் திண்ணையே ஏற்ற இடம்.

மீண்டும் புறப்படும் நாளையும் மருத்துவரைக் கேட்டு முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுச் சோறும் சொந்தப் படுக்கையும் இனியவை. நாள் குறிக்காதவரை அவை எளிதில் விடா.

குடும்பத்தாருக்கும் இதிலே பங்குண்டு. வந்த பிள்ளையை, "போதும், இனிப் போகாதே" என்று தடுப்பதும் அன்பே. புண்ணைக் கழுவி மருந்திட்டு, வயிறார உணவளித்து, ஆறியபின் வாசல்வரை வந்து வழியனுப்புவது அதனினும் பெரிய அன்பு. சாலையில் நடக்காத தாயும் தங்கையும் அவ்வாறு அந்த நெடும்பயணத்தில் பங்கு பெறுகின்றனர். நம் இல்லங்கள் அத்தகைய இல்லங்களாக விளங்கட்டும்.