உடலில் அணியும் உணரி வலையமைப்பு: கம்பியில்லாத் தொடர்பாடலின் செயற்றிறனை மதிப்பிடல்

அறிமுகம்

இதயத் துடிப்பு, உடல் வெப்பநிலை, உடலசைவு என்பவற்றை அளக்கும் சிறிய உணரிகளை உடலில் அணிந்து, அவற்றின் தரவுகளைக் கம்பியின்றி ஒரு மையக் கருவிக்கு அனுப்பும் ஒழுங்கமைப்பே உடல் உணரி வலையமைப்பு எனப்படும். 1940களில் அமெரிக்கரான நோமன் ஹோல்ட்டர் இதயத்தின் மின் சைகையை வானொலி அலை மூலம் அனுப்பியபோது, முதுகில் சுமந்த கருவியின் திணிவு ஏறத்தாழ 38 கிலோகிராம் ஆகும். இன்று அத்தகைய கருவி கைக்கடிகார அளவுக்குச் சுருங்கிவிட்டது. இவ்வலையமைப்புகளுக்கென 802.15.6 என்னும் நியமத்தை ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனம் 2012இல் வெளியிட்டது.

1. உடலே ஒரு தடை

புளூடூத் போன்றவை 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனுக்கு அண்மையில் இயங்குகின்றன.

அலைநீளம் = வேகம் ÷ மீடிறன்
= 300 000 000 ÷ 2 400 000 000
= 0.125 மீற்றர் = 12.5 சென்ரிமீற்றர்

மனித உடலில் நீர் அதிகம். நீர் இவ்வலைகளின் சக்தியை உறிஞ்சும். எனவே உணரி மார்பிலும் மையக் கருவி முதுகுப்புற இடுப்பிலும் இருப்பின், இடைத்தூரம் சிறிதாயினும் சைகை பெரிதும் நலிவடையும்.

2. மதிப்பிடும் அளவீடுகள்

(அ) பெறப்படும் சைகை வலு: இது டெசிபெல்-மில்லிவாற்று அலகில் அளக்கப்படும். 0 என்பது 1 மில்லிவாற்று. ஒவ்வொரு 10 குறையும்போதும் வலு பத்தில் ஒன்றாகும். ஆகவே −80 என்பது ஒரு மில்லிவாற்றின் பத்துக்கோடியில் ஒரு பங்கு.
(ஆ) பொதி சேர்வு வீதம்: அனுப்பிய பொதிகளுள் சென்றடைந்தவற்றின் நூற்றுவீதம்.
(இ) தாமதம்: பொதி புறப்பட்டதிலிருந்து சென்றடையும் வரையுள்ள நேரம்.
(ஈ) சக்தி நுகர்வு: மின்கலம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை இது தீர்மானிக்கும்.

3. உதாரணம்

யட்டியாந்தோட்டைப் பகுதி இறப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் மார்பில் இதயத் துடிப்பு உணரியை அணிந்துள்ளார் எனக் கொள்வோம். உணரி செக்கனுக்கு ஒரு பொதி வீதம் 10 நிமிடங்கள் அனுப்புகின்றது. 570 பொதிகள் கிடைத்தன.

அனுப்பியவை = 10 × 60 = 600
சேர்வு வீதம் = (570 ÷ 600) × 100 = 95%

இது நல்ல பெறுபேறாகத் தோன்றலாம். ஆனால் இழந்த 30 பொதிகளும் எவ்வாறு இழக்கப்பட்டன என்பதையும் நோக்க வேண்டும். அவை ஆங்காங்கே ஒவ்வொன்றாக இழக்கப்பட்டிருந்தால் பாதிப்புக் குறைவு. அவர் மரத்தடியில் குனிந்து வெட்டுகையில் தொடர்ச்சியாக 30 செக்கன்கள் தொடர்பு அறுந்திருந்தால், அந்த அரை நிமிடத்தில் அவருடைய இதயத்துக்கு என்ன நேர்ந்தது என்பது எவருக்கும் தெரியாது. இரண்டிலும் சேர்வு வீதம் 95% தான். எனவே சராசரியுடன் மிக நீண்ட தொடர் இழப்பையும் குறிப்பிடல் வேண்டும்.

4. எங்கே சோதிப்பது?

அறையினுள் சோதிக்கும்போது சுவர்களில் தெறிக்கும் அலைகள் உடலைச் சுற்றி மறுபுறம் சென்றடையும். திறந்த வெளியில் இந்த உதவி குறைவு. ஆகவே ஆய்வுகூடத்தில் சிறந்த பெறுபேறு தந்த கருவி, மலைச்சரிவில் அதே பெறுபேற்றைத் தரும் எனக் கொள்ள முடியாது. நிற்றல், நடத்தல், குனிதல் ஆகிய நிலைகளில், வேலைத்தலத்திலேயே தனித்தனியாக அளக்க வேண்டும்.

கவனிக்க: உடலிலுள்ள மையக் கருவியிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் கையடக்கத் தொலைபேசித் தொடர்பு வேறொன்றாகும். அது கிடைக்காத பள்ளத்தாக்கில் தரவுகள் கருவியின் நினைவகத்தில் சேமிக்கப்பட்டுப் பின்னர் அனுப்பப்படலாம். ஆயின் அவசர எச்சரிக்கை பிந்திவிடும்.

5. ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல்

செலுத்தும் வலுவைக் கூட்டினால் இழப்புக் குறையும். மின்கலம் விரைவில் தீரும். இழந்த பொதியை மீள அனுப்பினால் சேர்வு வீதம் உயரும். தாமதமும் சக்தி நுகர்வும் கூடும். உணரியையும் மையக் கருவியையும் உடலின் ஒரே பக்கத்தில் அணிவது செலவில்லாத தீர்வாகும்.

பயிற்சி வினாக்கள்

1. 900 பொதிகளில் 864 கிடைத்தன. சேர்வு வீதம் யாது? (விடை: 96%)
2. இவற்றின் தொடர் இழப்பு 36 செக்கன்களாயின், மேலேயுள்ள உதாரணத்தில் இழப்புகள் ஆங்காங்கே நேர்ந்த நிலையுடன் ஒப்பிட்டு, எது இதய நோயாளிக்கு உகந்தது எனக் காரணத்துடன் விளக்குக.