ஒரே தாளம், பாட்டு எத்தனையோ! "திவாலி"யால் அடித்தது யோகம்

தாளம் ஒன்றுதான். அதன் மேல் பாடியவர்களோ ஒரு பட்டாளம்! ஆளுக்கு ஒரு பாட்டு, ஆளுக்கு ஒரு ராகம். அடி மட்டும் அதே அடி.

நடந்தது ஜமைக்கா தீவில். தாளத்தின் பெயர் "திவாலி". யாரும் திவால் ஆகவில்லை, பயப்படாதீர்கள்! வடநாட்டில் தீபாவளியை அப்படித்தான் சொல்வார்கள். 1845 முதல் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப் போன இந்தியர்களின் சந்ததி இன்றும் அந்தத் தீவில் உண்டு.

கைதட்டலே சரக்கு

தாளத்தைப் போட்டவர் ஸ்டீவன் மார்ஸ்டன். "லெங்கி" என்றால்தான் பாட்டு உலகத்துக்குத் தெரியும். மேளச் சத்தத்தைவிட கைதட்டல்தான் இதில் தூக்கல். நேராக விழாமல் தாவித் தாவி விழும் தட்டு. கேட்டவன் கால் சும்மா இருக்காது.

ஜமைக்காவின் ரெக்கே பாட்டு உலகப் பிரசித்தம். அதன் வயிற்றில் பிறந்த ஆட்டப் பாட்டுதான் டான்ஸ்ஹால். பாட்டுக்காரர் வரும் முன்பே அங்கே தாளம் தயாராக இருக்கும். அதற்கு "ரிடிம்" என்று பெயர். தாளக்காரர் கூப்பிடுவார். பேர் பெற்ற புள்ளியும் வருவார்; நேற்று முளைத்த பொடியனும் வருவான். இரண்டு பேருக்கும் அதே தாளம்தான்!

நம்ம பக்கம் இப்படி நடந்தால், "காப்பி!" என்று டீக்கடையிலேயே கிழித்து விடுவார்கள். அங்கே அதுதான் முறை. புதுப் பையனுக்கு இதில் என்ன லாபம்? பெரிய புள்ளியின் பாட்டுக்காகத் தொகுப்பை வாங்குகிறவன் காதில் இவன் பாட்டும் விழுமே!

லண்டனில் இருந்த கிரீன்ஸ்லீவ்ஸ் கம்பெனி 2002-ல் "திவாலி" பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. பவுண்டி கில்லர், எலிபன்ட் மேன் என்று பிரபலங்கள் பலர் இந்தத் தாளத்தில் பாடினார்கள். (ஆமாம், "யானை மனிதன்"தான். பட்டப் பெயர்!)

அமெரிக்காவில் சக்கைப்போடு

2003-ல் ஷான் பால் இதே தாளத்தில் பாடிய "கெட் பிசி", அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 3 வாரம் முதல் இடத்தில் உட்கார்ந்தது. வெய்ன் வொண்டர் பாட்டு 11-வது இடம் வரை ஏறியது. நியூயார்க்கைச் சேர்ந்த லுமிடீ என்ற பெண்ணுக்கு அப்போது 20 வயதுகூட நிறையவில்லை. பெரிய புள்ளிகளோடு மோதி 3-வது இடத்தைப் பிடித்து விட்டாள்! மூன்று பாட்டிலும் ஒரே கைதட்டல்.

கோர்ட் ஏறிய தாளம்

தாளக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தால் சரி. கேட்காமல் எடுத்தால்? அங்கேதான் தகராறு.

ஸ்டீலி, கிளீவி என்ற ஜமைக்கா ஜோடி 1989-ல் போட்ட தாளத்துக்கு "ஃபிஷ் மார்க்கெட்" என்று பெயர். சாட்சாத் மீன் மார்க்கெட்! அந்த அடிதான் கடல் தாண்டிப் போய், ஸ்பானிஷ் மொழியில் பாடும் ரெக்கேடோன் பாட்டுகளுக்கு முதுகெலும்பு ஆனது. அதில் கோடிகள் புரண்டன. ஸ்டீலி 2009-ல் காலமாகி விட்டார்.

"எங்கள் தாளத்தைக் கேட்காமல் எடுத்து விட்டார்கள்" என்று கிளீவியும் ஸ்டீலியின் தரப்பும் 2021-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். பேட் பன்னி, டாடி யாங்கி உள்பட 100 பேருக்கு மேல் எதிரிகள். புகாரில் உள்ள பாட்டுகள் ஆயிரத்தைத் தாண்டும்!

வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எதிர்த்தரப்பு மனுப் போட்டது. 2024 மே மாதம் நீதிபதி அதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. வழக்கு மேலே நடக்கட்டும் என்று உத்தரவிட்டார்.