ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் ஏத்தணுமா? மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்!

"கேஸ் கம்மியா இருக்குதுங்க, ஏத்திட்டா ஜில்லுனு ஆயிடும்!" பங்குனி வெயில் தொடங்கியதும் கோவை, திருப்பூர், ஈரோடு வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. நாமும் சரின்னு பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த கோடையில் மறுபடியும் அதே வசனம்! உண்மையில் ஏசி கேஸ் தானாகத் தீர்ந்து போகுமா? பார்க்கலாம்.

ஏசியும் ஒரு பம்ப்தான்!

பம்புக்குப் பேர் போன ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றுவதுபோல, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது ஏசி. அதாவது, இது ஒரு 'ஹீட் பம்ப்'. குளிர் நாடுகளில் இதே முறையைத் திருப்பிப் போட்டு வீட்டைச் சூடாக்குகிறார்கள்.

இதில் வெப்பத்தைச் சுமந்து செல்வதுதான் கேஸ். இண்டோர் யூனிட்டில் ஆவியாகி வெப்பத்தை வாங்கும். அவுட்டோர் யூனிட்டில் திரவமாகி வெப்பத்தை விடும். மூடிய பைப்புக்குள்ளேயே சுற்றி வருவதால், பைக் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வருஷா வருஷம் கேஸ் ஏத்துறோமா என்ன?

அப்படியென்றால், கேஸ் குறைந்தால் ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ லீக் இருக்கிறது.

கூலிங் இல்லைன்னா கேஸ்தான் காரணமா?

அவசியமில்லை. ஃபில்டரில் தூசி, அவுட்டோர் காயிலில் அழுக்கு, கெப்பாசிட்டர் பழுது என எது இருந்தாலும் கூலிங் குறையும். காயிலில் ஐஸ் கட்டுவதுகூட கேஸ் குறைவாலும் வரலாம், ஃபில்டர் அடைப்பாலும் வரலாம். அதனால் முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. லீக் எங்கே? பைப் இணையும் நட், வளைவுகள், காயில் ஆகியவற்றில் சோப்பு நுரை வைத்தாலே பல லீக்குகள் தெரிந்துவிடும். நுரையில் சிக்காத லீக்கை நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். இதற்கு ஆக்சிஜன் சிலிண்டரைப் பயன்படுத்தவே கூடாது. கம்ப்ரசர் ஆயிலுடன் சேர்ந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு.

2. வேக்கூம் போட்டீங்களா? லீக்கை அடைத்த பிறகு, பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கூம் பம்ப் வைத்து வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கம்ப்ரசர் ஆயுள் குறையும்.

3. எத்தனை கிராம் ஏத்துறீங்க? அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். பைப் நீளம் அதிகமென்றால் கொஞ்சம் கூடும். காலி செய்து முழுசாக ஏற்றும்போது எடை மெஷினில் வைத்து ஏற்றுவதே சரி. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், மீட்டர் முள்ளை மட்டும் நம்ப முடியாது. கூடுதலாக ஏற்றினாலும் கூலிங் குறையும், கரண்ட் பில் எகிறும்.

4. என்ன கேஸ்? பழைய ஏசிகளில் ஆர்-22, அடுத்து வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது பெரும்பாலும் ஆர்-32 இருக்கிறது. சில மாடல்களில் ஆர்-290. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றவோ, கலக்கவோ கூடாது. ஆர்-32 ஓரளவு தீப்பற்றும். ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பிடிக்கும். வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் விளக்கு, சிகரெட் கூடாது.

லீக்கை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

கேஸ் குறைந்த ஏசி, அறையைக் குளிர்விக்க அதிக நேரம் ஓடும். நம்ம ஊரில் மின்கணக்கு 2 மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். ஏசி வீடுகளுக்கு இந்தக் கோட்டைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை.

சுற்றுச்சூழலுக்கும் அடிதான். ஆர்-410ஏ கேஸ் அரை கிலோ காற்றில் கலந்தால், அது சுமார் 1,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஓசோன் படலத்தைப் பாதிக்கும் ஆர்-22, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது.

நாமே செய்யக்கூடியவை

* கோடையில் 2 வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். பஞ்சுத் தூசி பறக்கும் பகுதிகளிலும், ஆடிக் காற்று சமயத்திலும் இன்னும் அடிக்கடி தேவை.
* அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி காற்றோட்டம் இருக்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மெதுவான தண்ணீரில் கழுவலாம். போர்வெல் உப்புத் தண்ணீரைத் தவிர்ப்பது நல்லது.
* 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6% மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு.
* கேஸ் ஏற்றுவதை நாமே முயற்சிக்க வேண்டாம்.

மொத்தத்தில், அடுத்த முறை "கேஸ் ஏத்தணும்" என்று மெக்கானிக் சொன்னால், பணத்தை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "லீக் எங்கேங்க இருக்குது?" அதற்குப் பதில் கிடைத்த பிறகு கேஸ் ஏத்தலாம்.