உயரமான மாணவிகள் உண்டு, கற்றுத்தர ஆளில்லை

புது தில்லி: 2021-ம் ஆண்டு செப்டம்பரில் ஜோர்டான் தலைநகர் அம்மானில் நடைபெற்ற ஆசியக் கோப்பை மகளிர் கூடைப்பந்துப் போட்டியில் ஜப்பானிடம் 46-136 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. எட்டு அணிகளில் கடைசி இடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கும் தள்ளப்பட்டது. இப்படிப்பட்ட தோல்விகளுக்குப் பிறகு தலைநகரில் வழக்கமாகக் கேட்கும் விளக்கம் ஒன்று உண்டு: நம் பெண்களுக்கு உயரம் போதாது என்பதே அது.

இந்த விளக்கத்தை மறுப்பதற்கு ஜப்பானே போதும். அம்மான் போட்டிக்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான் அந்த நாட்டுப் பெண்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றிருந்தனர். அவர்களின் நெடிய வீராங்கனை ராமு டோகாஷிகி முழங்கால் காயத்தால் ஆடவில்லை. அவருக்குப் பதிலாகக் கூடைக்கு அடியில் பொறுப்பேற்ற மகி தகாதாவின் உயரம் சுமார் 6 அடி 1 அங்குலம்தான். நமது கீத்து அன்னா ஜோஸ் அவரை விடக் குட்டையானவர் அல்லர்.

கூடைப்பந்தில் கூடைக்கு அருகே, பெரும்பாலும் கூடைக்கு முதுகைக் காட்டி நின்று ஆடுபவரை "போஸ்ட்' ஆட்டக்காரர் என்பார்கள். நெட்டையாக இருப்பவரை அங்கே நிறுத்திவிட்டால் போதும் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் களத்திலேயே மெதுவாகக் கற்றுக்கொள்ளப்படும் வேலை இது. எதிராளியைத் தன் முதுகாலும் இடுப்பாலும் அடக்கி இடம் பிடிக்க வேண்டும். பந்து வருமுன்பே உதவிக்கு ஓடி வரும் இரண்டாவது தடுப்பாளர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று அறிந்திருக்க வேண்டும். மூன்று விநாடிகளுக்கு மேல் கட்டத்துக்குள் நிற்காமல் வெளியேறித் திரும்ப வேண்டும். இரு கைகளாலும் பந்தைக் கூடையில் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பந்தைத் தட்டி முன்னேறும் வீராங்கனை ஒரு பந்தும் ஒரு கூடையும் கிடைத்தால் மாலை முழுவதும் தனியாகவே பயிற்சி செய்யலாம். போஸ்ட் ஆட்டத்தை அப்படிப் பழக முடியாது. சரியான நேரத்தில் பந்தைத் தருவதற்கு ஒருவரும், முதுகில் சாய்ந்து தள்ளுவதற்குத் தன் உயரமும் எடையும் கொண்ட இன்னொருவரும் வேண்டும். கல்லூரி அணியில் ஒரே ஒரு நெட்டைப் பெண் இருந்தால், அவர் நான்கு ஆண்டுகளும் தன்னை விட அரையடி குறைந்த தோழியருக்கு எதிராகவே பயில்கிறார். பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாலே காரியம் முடிந்துவிடுவதால், கால்களைப் பயன்படுத்தும் அவசியம் அவருக்கு நேர்வதே இல்லை.

இக்கலை கல்லூரியில்தான் உருவாகிறது என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1942-ல் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ரே மேயரிடம், 6 அடி 10 அங்குல உயரமும் தடுமாறும் கால்களும் கொண்ட ஜார்ஜ் மைக்கன் என்ற மாணவர் வந்து சேர்ந்தார். மேயர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார். குத்துச்சண்டை பயில வைத்தார். நடனமும் கற்றுக்கொள்ளச் செய்தார். கூடைக்கு அடியில் நின்று வலக்கையாலும் இடக்கையாலும் மாறி மாறிப் பந்தைப் போடும் பயிற்சி இன்றும் மைக்கன் பெயரால் வழங்குகிறது. உலகெங்கும் கூடைப்பந்து பயிலும் சிறுமிகள் இதைச் செய்கிறார்கள்.

இந்தியாவில் இதற்கு நிகரான முயற்சி பெரிதும் பல்கலைக்கழகங்களுக்கு வெளியேதான் நடந்திருக்கிறது. சத்தீஸ்கரில் பிலாய் உருக்காலையின் ஆதரவில், 2018-ல் காலமான பயிற்சியாளர் ராஜேஷ் படேல் பள்ளி வயதுப் பெண்களைத் தேர்ந்து வளர்த்தார். கான்பூரில் பிறந்து, 6 அடி 11 அங்குல உயரம் வளர்ந்த பூனம் சதுர்வேதி அங்கு பயின்றவர்தாம். வட இந்தியச் சிறு நகரங்களில் பெண்ணின் உயரம் வரன் தேடும்போது குறையாகவே எண்ணப்படுகிறது. தமிழகத்திலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. அந்த உயரத்துக்கு ஒரு பயன் உண்டு என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல ஒரு பயிற்சியாளர் தேவைப்பட்டார்.

கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கீத்து, சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் பயின்று, சென்னையில் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தவர். கடினமான எதிராளிகளைத் தேடி அவர் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்குச் சென்று ஆடினார். 2011-ல் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகளின் தேர்வு முகாம்களிலும் பங்கேற்றார். அவர் கூடைக்கு அடியில் நின்ற 2013-ம் ஆண்டு ஆசியப் போட்டியில் இந்தியா ஐந்தாம் இடம் பெற்றது. அதற்குப் பின் அப்படியொரு நிலையை நாம் எட்டவில்லை.

பல்கலைக்கழகங்களின் நிலை என்ன? இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நான்கு மண்டலங்களாகப் பிரித்துப் போட்டிகளை நடத்துகிறது. முதல் சுற்றுகள் தோற்றவர் வெளியேறும் முறையில் நடப்பதால், பல அணிகளுக்கு அந்த ஆண்டின் பல்கலைக்கழகப் போட்டி ஒன்றிரண்டு ஆட்டங்களோடு முடிந்துவிடுகிறது. 2020-ல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் முன்னணி அணிகளுக்கு மட்டுமே உரியவை. அமெரிக்கக் கல்லூரி மாணவியோ ஒரு பருவத்தில் 30 ஆட்டங்கள் அளவுக்கு ஆடுகிறார். அங்கும் இது தானாக வந்துவிடவில்லை. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு அது. பஞ்சாபைச் சேர்ந்த 6 அடி 3 அங்குல ஹர்சிம்ரன் கௌர், அமெரிக்காவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் இடம் பெற்றதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். வாய்ப்பு எங்கே இருக்கிறது என்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டார்.

அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீடும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அந்த ஒதுக்கீடு எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. அதைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் விதிமுறைகள் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்கான சான்றிதழுக்கு மதிப்பளிக்கின்றன. இந்த ஆண்டே சான்றிதழ் வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் பயிற்சியாளர், நெட்டைப் பெண்ணுக்கு இடக்கை ஆட்டம் கற்றுத்தர இரண்டு ஆண்டுகள் செலவிட மாட்டார். கையை உயர்த்தி நிற்கச் சொல்வார். அது இந்த ஆண்டுக்குப் போதும். தேசியப் போட்டிகளில் நெடுங்காலமாக ஆதிக்கம் செலுத்தும் ரயில்வே அணியில் இடம் கிடைத்தபின், புதிதாகக் கற்கும் வயதும் ஓரளவு கடந்துவிடுகிறது.

நிர்வாகமும் இதற்கு உதவியதாகச் சொல்ல முடியாது. கூட்டமைப்பு 2015-ல் இரண்டாகப் பிளந்து, யார் உண்மையான நிர்வாகிகள் என்ற சர்ச்சையில் காலம் கழிந்தது. 2023-ல் தலைவரானவர் தமிழகத்தின் ஆதவ் அர்ஜுனா. 2015-ல் தொடங்கிய யூ.பி.ஏ. தொழில்முறைப் போட்டி ஆண்களுக்கானதாக இருந்தது. 2017-ல் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் என்.பி.ஏ. திறந்த உறைவிடப் பயிற்சிக்கூடமும் ஆண்களுக்கே. பெண்களுக்குக் கிடைத்தவை அவ்வப்போது நடந்த முகாம்கள்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கல்வி 1976 திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. பல்கலைக்கழக விளையாட்டு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பயிற்சியாளர் நியமனம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு, போட்டி நடத்துவது சங்கத்தின் பொறுப்பு, தேசிய அணி கூட்டமைப்பின் பொறுப்பு. கூடைக்கு அடியில் நிற்கும் மாணவிக்கென்று தனியாக ஒரு பயிற்றுநரை அமர்த்துவது மட்டும் யார் பொறுப்பும் அல்ல.

பெரும் திட்டம் எதுவும் தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. தில்லி, குருக்ஷேத்திரம், சண்டீகர், பாட்டியாலா, அமிருதசரஸ் ஆகிய ஊர்களின் பல்கலைக்கழகங்கள் ஒரே ரயில் பாதையிலோ அதை ஒட்டியோ அமைந்துள்ளன. குளிர்காலத்தில் இரண்டு மாதங்கள் வார இறுதிகளில் இவை தங்களுக்குள் சுற்று முறையில் ஆடினால், ஒவ்வொரு ஊரின் நெட்டைப் பெண்ணும் மற்ற ஊர்களின் நெட்டைப் பெண்களைப் பலமுறை எதிர்கொள்வார். அந்தப் பயணச் செலவை மத்திய விளையாட்டு அமைச்சகம் ஏற்குமா, மாநிலங்கள் ஏற்குமா, பல்கலைக்கழகங்களே ஏற்குமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் தலைநகரில்தான் இருக்கிறார்கள்.