கியூபாவும் இமயமும்: 1962இல் அவை அறிந்ததும் அறியாததும்

புது தில்லி: 1962 அக்டோபர் 22. லடாக்கிலும், இன்று அருணாசலப் பிரதேசம் எனப்படும் அன்றைய நேஃபாவிலும் சீனப் படைகள் தாக்குதல் தொடங்கி இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. பிரதமர் நேரு அன்று வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார். அதே தேதியில் வாஷிங்டனில் அதிபர் கென்னடியும் தம் மக்களிடம் பேசினார். கியூபாவில் சோவியத் யூனியன் நிறுவிவந்த ஏவுகணைகள் பற்றியது அவருடைய உரை. அணு ஆயுதப் போர் மூளுமோ என்று உலகமே கரீபியன் கடலை நோக்கித் திரும்பிவிட்டது. இமயத்தில் நடந்த போருக்கு உலகத் தலைநகரங்களில் அவ்வளவாகக் கவனம் இல்லை. வாஷிங்டனிலிருந்து உரிய அறிவுறுத்தல்கூட வரவில்லை என்பதைத் தில்லியில் இருந்த அமெரிக்கத் தூதர் கால்பிரெய்த்தே பின்னர் பதிவு செய்திருக்கிறார்.

தில்லி பெரிதும் நம்பியிருந்தது மாஸ்கோவை. மிக் விமானங்கள் வாங்க அப்போதுதான் பேச்சு முடிந்திருந்தது. ஆனால் கியூபா விவகாரத்தில் சீனாவின் ஆதரவு சோவியத் தலைமைக்குத் தேவைப்பட்டது. அக்டோபர் 25ஆம் தேதி 'பிராவ்தா' ஏடு, சீனாவின் பேச்சுவார்த்தை யோசனையை ஏற்குமாறு இந்தியாவுக்கு அறிவுரை கூறியது. மக்மோகன் கோட்டையும் இழிவாகக் குறிப்பிட்டது. மறுநாள் இங்கே நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. 28ஆம் தேதி குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெற இசைந்தார். நவம்பர் 5ஆம் தேதி அதே 'பிராவ்தா' நடுநிலைக்குத் திரும்பிவிட்டது! நண்பனின் நிலைப்பாடு எதைப் பொருத்து மாறுகிறது என்பதைத் தில்லி அந்தப் பதினோரு நாட்களில் கண்டுகொண்டது.

அக்டோபர் 29ஆம் தேதி அமெரிக்காவிடம் ஆயுத உதவி கோரப்பட்டது. அணிசேராக் கொள்கையை வகுத்தவரே அதைக் கேட்க நேர்ந்தது. நவம்பர் முதல் வாரத்தில் ஆயுதங்களுடன் விமானங்கள் கல்கத்தாவில் இறங்கின. பாதுகாப்புத் துறையை இழந்த கிருஷ்ண மேனன், நவம்பர் 7ஆம் தேதி அமைச்சரவையிலிருந்தே விலகினார்.

மறுநாள், நவம்பர் 8ஆம் தேதி, முன்கூட்டியே அழைக்கப்பட்ட நாடாளுமன்றம் கூடியது. அவையை விரைவில் கூட்டுமாறு வலியுறுத்தியவர்களுள் ஜனசங்கத்தின் வாஜ்பாயும் ஒருவர். மக்களவையின் சுயேச்சை உறுப்பினர் எல்.எம்.சிங்வி, இரகசியக் கூட்டமாக நடத்தலாமே என்றார். நாடே அக்கறை கொண்ட விவகாரத்தை மூடிய கதவுகளுக்குள் பேச முடியாது என்று நேரு மறுத்துவிட்டார். எல்லையில் சண்டை ஓயாத நிலையில் அரசு கடுமையான விமர்சனத்தைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தது. ஆளும் கட்சியினரும் குறை கூறத் தயங்கவில்லை. நவம்பர் 14ஆம் தேதி, ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றும் உறுதியைக் கூறும் தீர்மானத்தை உறுப்பினர்கள் எழுந்து நின்று நிறைவேற்றினர்.

அதே ஆண்டு மே மாதம் மாநிலங்களவையில் திராவிட நாடு கோரிக்கையை முழங்கிய அண்ணா, விலைவாசிப் போராட்டத்துக்காக அடைபட்டிருந்த வேலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்ததும் போர் முயற்சிக்கு ஆதரவு அறிவித்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

திறந்த விவாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாம் அவைக்குச் சொல்லப்பட்டதா? நவம்பர் 18, 19 தேதிகளில் சேலா, பொம்டிலா வீழ்ந்தன; அஸ்ஸாம் சமவெளி திறந்து கிடந்தது. 19ஆம் தேதி நேரு, கென்னடிக்கு அடுத்தடுத்து இரு கடிதங்கள் எழுதினார். 12 போர் விமானப் படைப்பிரிவுகளும், குண்டுவீச்சு விமானங்களும் வேண்டும் என்பது அவற்றின் சாரம். அந்நிய நாட்டு விமானிகள் இந்திய வானில் போரிட வேண்டும் என்ற அக்கோரிக்கை அவையில் தெரிவிக்கப்படவில்லை. 1965இல் மாநிலங்களவையில் சுதிர் கோஷ் அதைக் கிளப்பியபோது பெரும் சலசலப்பு எழுந்தது. கடிதங்களின் முழு வாசகம் வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆயின.

உதவி வந்து சேரும் முன்பே போர் முடிந்தது. நவம்பர் 20ஆம் தேதி கியூபா மீதான கடல் முற்றுகையைக் கென்னடி விலக்கிக்கொண்டார். அஸ்ஸாம் மக்களை எண்ணி மனம் உருகுவதாக நேரு வானொலியில் பேசியதும் அதே நாளில்தான். அன்று நள்ளிரவு கடந்ததும் பீகிங் ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்தது. அரசின் கணக்குப்படி உயிரிழந்த வீரர்கள் 1,383 பேர். காணாமற்போனவர்கள் 1,696 பேர். லடாக்கில் ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் சீனாவின் வசமே உள்ளது. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. போர் நடந்தது ஒரு மாதம்தான்.

2022 டிசம்பரில் தவாங் பகுதி மோதல் குறித்து விவாதம் கோரிய காங்கிரஸ், 1962இல் 165 உறுப்பினர்கள் பேச வாய்ப்பளிக்கப்பட்டதை மக்களவையில் சுட்டிக்காட்டியது. விவாதம் அனுமதிக்கப்படவில்லை. அதே சமயம், தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்து 1963இல் அளிக்கப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை காங்கிரஸ் அரசுகளும் வெளியிடவில்லை, பாஜக அரசுகளும் வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதி 2014இல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் மூலமாகவே வெளிவந்தது.