கூடு மாறினால் குரல் என்னாகும்?

சூரபத்மன் மாமரமாய் நின்றான். வேலால் பிளவுண்டு மயிலும் சேவலும் ஆனான். மாரீசன் பொன்மானாகி இராமனைக் காட்டுக்குள் இழுத்துச் சென்றான். இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு உருமாற்றம் புதிய செய்தியன்று. இன்றோ அதே உருமாற்றம் ஒரு மேசை விளையாட்டின் விதியாகவும் இளைஞரிடையே உலா வருகிறது. அவ்விதியை விளக்கி, மலாய் மரபிலும் தமிழ் மரபிலும் உள்ள உருமாற்றக் கதைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேசைமேல் ஒரு மந்திரம்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ஆம் ஆண்டு வெளியிட்டனர். நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்றுப் பேசுவர். முயற்சி பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

இவ்விளையாட்டின் புகழ்பெற்ற மந்திரங்களுள் ஒன்று 'பாலிமார்ஃப்'. ஓர் உயிரை விலங்காக மாற்றுவதே இதன் வேலை. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி இந்த மாற்றம் அதிகம் போனால் ஒரு மணி நேரம் நீடிக்கும். மந்திரம் போட்டவரின் கவனம் சிதறினால் அப்பொழுதே கலைந்துவிடும். விலங்குருவில் அடிபட்டு உயிராற்றல் தீர்ந்துபோனாலும், மாறியவர் சாவதில்லை. பழைய உடலுக்குத் திரும்பிவிடுவார். இந்த மந்திரத்துக்குத் தேவைப்படும் பொருள் என்ன தெரியுமா? ஒரு கம்பளிப்பூச்சியின் கூடு!

இனி, இதற்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். மாறியவரின் குணம் மட்டுமே எஞ்சும். உடல் வலிமையோடு அறிவாற்றலும் அந்த விலங்கினுடையதாகிவிடும். சராசரி மனிதனின் அறிவுக்கு 10 புள்ளிகள் என்றால் புலிக்கு 3 புள்ளிகளே. பெரும் படிப்புப் படித்த மந்திரவாதியும் புலியானால் அந்த மூன்றோடுதான் நடமாட வேண்டும். அதுமட்டுமன்று; விலங்குருவில் பேச முடியாது. பேச முடியாததால் வேறு மந்திரமும் சொல்ல முடியாது. எந்த வாய் மந்திரம் சொல்லி உருவை மாற்றியதோ, அந்த வாயே அடைபட்டுப் போகிறது.

1989-ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பதிப்பின் விதி இதைவிடக் கடுமையானது. பிறர் மந்திரத்தால் உருமாறியவர் அவ்வுருவிலேயே தங்கிவிட்டால் நாள்தோறும் பகடை உருட்ட வேண்டும். ஏதோ ஒரு நாள் பகடை அவரைக் கைவிடும். அன்றுமுதல் தாம் மனிதராக இருந்ததையே மறந்து, முழு விலங்காகிவிடுவார். உடல் ஒரு நொடியில் மாறியது. மனமோ நாளுக்கு நாள் தேய்ந்து மாறுகிறது.

புலியாகும் மனிதர்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்குப் புலி ஏட்டில் படித்த விலங்கன்று. இருட்டோடு எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, வெட்டுக்காட்டுக்குள் நுழைந்தவர்கள் அவர்கள். காட்டோரத் தோட்டங்களில் புலி பயம் அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களோ காட்டுக்குள் 'ஹரிமாவ்' என்று அதன் பெயரைச் சொல்லவும் தயங்கி, 'டத்தோ' என்றோ 'பாக் பெலாங்' என்றோ மரியாதையாகக் குறிப்பிடும் வழக்கமுடையவர்கள்.

அவர்களிடையே 'ஹரிமாவ் ஜாடியான்' என்ற நம்பிக்கையும் உண்டு. பகலில் மனிதனாய் இருப்பவன் இரவில் புலியாகித் திரிவானாம். சுமத்ராவின் கெரிஞ்சிப் பகுதியிலிருந்து வந்தவர்களுக்கே இவ்வித்தை தெரியும் என்று கருதப்பட்டதை வால்டர் ஸ்கீட் தம் 'மலாய் மேஜிக்' நூலில் 1900-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளார். இத்தகையவனின் மேலுதட்டில் நடுப்பள்ளம் இராது என்பது ஒரு வழக்கு. எவ்வளவு திறமையாக உருமாறினாலும் முகத்தில் ஓர் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே இதன் உட்பொருள்.

கூடு விட்டுக் கூடு பாய்ந்தவர்கள்

தமிழ் மரபின் வழி வேறு. நம் சித்தர்கள் உடலை மாற்றிக்கொள்வதில்லை. ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குள் புகுகிறார்கள்.

பெரிய புராணம் கூறும் திருமூலர் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். காவிரிக் கரையிலுள்ள சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றிக் கதறுகின்றன. அவ்வழியே வந்த யோகியார் மனமிரங்கி, தம் உடலை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மூலனின் உடலுக்குள் நுழைகிறார். மாடுகள் மகிழ்ந்து வீடு திரும்புகின்றன. யோகியார் திரும்பிவந்து பார்த்தால் தம் பழைய உடலைக் காணவில்லை! மீள வழியில்லை. இடையனின் உடலில் இருந்துகொண்டே அவர் பாடியதுதான் திருமந்திரம் என்பது மரபு.

அருணகிரிநாதரைப் பற்றியும் இதுபோன்ற கதை உண்டு. பாரிசாத மலரைக் கொணர அவர் கிளியின் உடலில் புகுந்து பறந்தாராம். அதற்குள் பகைவர் அவர் உடலை எரித்துவிட்டனர். திருவண்ணாமலைக் கிளி கோபுரம் இக்கதையை இன்றும் நினைவூட்டுகிறது. கிளி உருவிலேயே அவர் கந்தர் அனுபூதியைப் பாடினார் என்பர்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். விளையாட்டில் பழைய உடல் பத்திரமாகத் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் பேச்சு பறிபோகிறது. தமிழ்க் கதைகளிலோ பழைய உடல் அழிந்தே போகிறது. ஆனால் பேச்சு நிலைக்கிறது. விளையாட்டு உடலுக்கு உத்தரவாதம் தருகிறது. நம் மரபு குரலுக்கு உத்தரவாதம் தருகிறது.

நம் பழைய கூடு

இந்த ஒப்பீடு நமக்கு எதற்கு? நாமும் கூடு மாறியவர்கள்தாம். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. நீலாய், லாபு, செரம்பான் வட்டாரங்களில் எத்தனையோ தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இருந்த இடத்தை அடையாளம் காட்ட ஒரு கோயிலோ ஒரு மரமோதான் மிச்சம். திருமூலரைப் போல நாமும் திரும்பிப்போய்த் தேடினால் பழைய உடல் கிடைக்காது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற ஒவ்வொருவரும் ஓர் உருமாற்றத்தைக் கடந்தே வந்திருக்கிறோம். நம்மில் பலருக்குப் புகுமுக வகுப்பே அந்தக் கம்பளிப்பூச்சிக் கூடு. மலாயில் விடை எழுதவும் ஆங்கிலத்தில் படைப்புச் செய்யவும் கற்றோம். இது குறையன்று, பிழைக்கத் தேவையான வலிமை. மந்திரவாதி புலியாவதும் வலிமை வேண்டித்தானே? ஆனால் அவ்வுருவில் நாவை மறந்துவிட்டால், 1989-ஆம் ஆண்டு விதி சொல்வதுபோல் நமக்கும் நாள்தோறும் பகடை உருண்டுகொண்டே இருக்கும்.

பெரட்டு, மங்கு, வெட்டுக்காடு, தண்டல், கித்தா, ஆயாக் கொட்டகை ஆகிய சொற்களை எண்ணிப் பாருங்கள். இவற்றுள் சில தமிழ்நாட்டு அகராதிகளில் இல்லை. இருப்பவையும் நாம் அறிந்த பொருளைத் தருவதில்லை. இவை வாழ்ந்த ஒரே உடல் தோட்டம். அவ்வுடல் போய்விட்டது. இச்சொற்கள் நம் தாத்தா பாட்டியரின் நாவில் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.

திருமூலர் காணாமற்போன உடலைத் தேடிக்கொண்டே இருக்கவில்லை. கிடைத்த உடலில் அமர்ந்து பாடினார். நம் ஒவ்வொருவர் கையிலும் குரலைப் பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது பாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அவர் சொல்லும் தோட்டத்துச் சொற்களைப் பொருளோடு எழுதி வாருங்கள். விளையாட்டில் அந்த மந்திரத்துக்குக் கிடைப்பதும் அதே ஒரு மணி நேரந்தான்.