பாசியும் பாறையும்

நன்னீர் மீன்தொட்டியைப் பலரும் கண்டிருப்பர். கடல்நீர் மீன்தொட்டி அதனின் வேறானது. அதில் ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். கோமாளி மீன் முதலிய கடல்மீன்கள் அந்நீரில் வாழும். தொட்டியினுள் நுண்துளைகள் நிறைந்த பாறைகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. தொட்டியின் உயிர்நாடியே அப்பாறைகள்தாம்.

மீன்கள் அம்மோனியா என்னும் நச்சுப்பொருளை வெளியிடுகின்றன. பரந்த கடலில் அது நீர்த்துப்போகும். சிறிய தொட்டியிலோ தேங்கி நிற்கும். பாறையின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவைவிட நைட்ரேட் மிகக் குறைந்த நச்சுத்தன்மை உடையது. ஆகவே மீன்கள் பிழைக்கின்றன.

இந்தியாவில் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. எனவே, மன்னார் வளைகுடா போன்ற பகுதிகளிலிருந்து பவளப்பாறைத் துண்டுகளை எடுத்து வருதல் குற்றமாகும். சுட்ட மண்ணால் செய்த நுண்துளைக் கற்களிலும் அதே பாக்டீரியாக்கள் சில வாரங்களில் குடியேறிவிடும்.

நைட்ரேட் பாசிக்கு உரமாகும். மீன்கள் உண்ணாமல் விட்ட இரை அழுகும்போது பாஸ்பேட்டும் நீரில் சேர்கிறது. இவற்றோடு ஒளியும் மிகுந்தால் பாறை முழுவதும் பாசி படரும். அதைக் கண்டவுடன் பாறையை எடுத்துக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவச் சிலர் முற்படுவர். குழாய்நீரில் உள்ள குளோரின், பாசியோடு பாக்டீரியாக்களையும் அழித்துவிடும். பாறை பளபளக்கும், ஆனால், தொட்டியில் அம்மோனியா பெருகி மீன்கள் மடியும். கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றுவதெல்லாம் தூய்மை ஆகாது.

அவ்வாறாயின் பாறையை எவ்வாறு தூய்மை செய்வது? வாரந்தோறும் தொட்டிநீரில் பத்தில் ஒரு பங்கை வெளியேற்றிப் புதிய உப்புநீரை ஊற்ற வேண்டும். வெளியேற்றிய அப்பழைய நீரிலேயே பாறையை அமிழ்த்தி, மென்மையான தூரிகையால் பாசியை நீக்கலாம். பாக்டீரியாக்களுக்கு ஊறு நேராது. ஆனால், உரம் நீரில் இருக்கும்வரை பாசி மீண்டும் முளைக்கும். ஆகவே, மீன்கள் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இரையிட வேண்டும். விளக்கை நாள் முழுவதும் எரியவிடாமல் எட்டு மணிநேரம் எரித்தால் போதும். பாசியை மேயும் கடல்நத்தைகளையும் தொட்டியில் வளர்க்கலாம்.

கடலிலும் இதே பணி நடைபெறுகிறது. கிளிமீன்களும் கடல் முள்ளெலிகளும் பவளப்பாறைகளின் மேல் படரும் பாசியை மேய்கின்றன. 1983, 1984ஆம் ஆண்டுகளில் கரீபியன் கடலில் நீண்ட கரிய முட்களை உடைய முள்ளெலிகள் ஒரு நோயால் பெருமளவில் மடிந்தன. ஜமைக்கா தீவின் கடலில் பாசியுண்ணும் மீன்கள் அதற்கு முன்பே மிகுதியாகப் பிடிக்கப்பட்டிருந்தன; புயல்களும் பவளங்களைச் சிதைத்திருந்தன. மேய்வதற்கு எவையும் இல்லாமையால் பாசி பவளங்களை மூடியது. 1970களின் இறுதியில் பாறைப்பரப்பில் பாதிக்கு மேல் இருந்த உயிர்ப்பவளம், 1990களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தது.

பாசி மீனுக்குப் பகையன்று. அதுவும் நீர்வாழ் உயிர்களுக்கு உணவாகும் ஓர் உயிரே. அது பெருகுவது, நீரில் உரம் மிகுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். மீன்தொட்டியைப் பேணுவோர் பாசியைக் கண்டதும் முதலில் நோக்க வேண்டியது தூரிகையை அன்று. தாம் இடும் இரையின் அளவையே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அன்றோ!

வினாக்கள்
1. மீன்தொட்டியின் உயிர்நாடி எனப் பாறைகள் கூறப்படுவது ஏன்?
2. பாறையைக் குழாய்நீரில் கழுவினால் நிகழ்வது யாது?
3. ‘கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றுவதெல்லாம் தூய்மை ஆகாது’ – இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.